யார் எதிரே நின்றால் லேசு?

2012 ஆகஸ்ட் 7 ராத்திரி, கன்சாஸ் சிட்டியில் ஒரு ஓட்டல் அறை. மிசோரி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போன ஜனநாயகக் கட்சிக்காரர் கிளேர் மெக்காஸ்கில் கையில் ஒரு பீர் டின். அதன் அடியில் ஓட்டை போட்டு ஒரே மூச்சில் குடித்துக் காட்டுவதாக மகள்களிடம் சொல்லியிருந்தார். 59 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்படியே குடித்தும் விட்டார். இத்தனைக்கும் அந்தக் கொண்டாட்டம் அவருடைய வெற்றிக்காக இல்லை. அன்று ஜெயித்தவர் எதிர்க்கட்சிக்காரர். டாட் ஏகின் என்ற அந்த மனிதர்தான் தனக்கு எதிரே வந்து நிற்க வேண்டும் என்று மெக்காஸ்கில் 17 லட்சம் டாலர் செலவழித்திருந்தார். இதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதியதால்தான் நமக்கு இவ்வளவு விவரமும் தெரிகிறது.

நம்மூரில் கட்சித் தலைமை நேர்காணல் வைக்கும், பட்டியல் வெளியிடும், சீட் கிடைக்காதவர்கள் அலுவலக வாசலில் சத்தம் போடுவார்கள். அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பேர் பிரைமரி. அதனால் எதிர்முகாமில் யார் யார் மோதுகிறார்கள், யாருக்கு எவ்வளவு ஆதரவு என்பதெல்லாம் மாதக்கணக்கில் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். கையில் காசு இருந்தால் மூக்கையும் நுழைக்கலாம்.

நுழைப்பதென்றால் யாருக்காக என்பதுதான் கேள்வி. மெக்காஸ்கில் முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

முதலில் அவருடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் நூலிழையில் ஜெயித்து செனட்டுக்குப் போனவர். 2008-இல் ஒபாமாவை முதலிலேயே ஆதரித்த செனட்டர்களில் ஒருவர். 2012-இல் மிசோரியில் ஒபாமா பெயர் எடுபடவில்லை. நவம்பரில் அங்கே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ராம்னி 9 சதவீதப் புள்ளிக்கு மேல் முந்தினார். போதாக்குறைக்கு, தன் குடும்பத்துக்குப் பங்கிருந்த தனி விமானத்துக்குச் சொத்து வரி கட்டாமல் விட்டது 2011-இல் வெளியே வந்து, இரண்டேமுக்கால் லட்சம் டாலருக்கு மேல் பாக்கி கட்டினார். பிரைமரிக்குச் சற்று முன் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சியின் மூன்று பேருமே அவரை முந்திக்கொண்டு நின்றார்கள். ஜான் பிரன்னர் 11 புள்ளி, சாரா ஸ்டீல்மன் 8, ஏகின் 5. ஆக, மூன்று பேரில் யாரைத் தோற்கடிப்பது சுலபம் என்ற கேள்வியே அவருக்கு இல்லை. யாரிடம் தோற்காமல் இருக்க ஒரு வழியாவது மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

பிரன்னர் தொழிலதிபர். கைக்குப் பூசும் சானிடைசர் மாதிரியான பொருள்கள் தயாரிக்கும் குடும்ப நிறுவனம். சொந்தக் காசைப் பல மில்லியன் டாலர் கணக்கில் இறைத்துக்கொண்டிருந்தார். இந்த வகை எதிரியிடம் இரண்டு சங்கடம். ஒன்று, பணம் தீராது. இன்னொன்று, அவர் எந்தச் சபையிலும் உட்கார்ந்ததில்லை, எந்த மசோதாவுக்கும் கை தூக்கியதில்லை, அதனால் தோண்டி எடுக்க எதுவும் இருக்காது. ‘நான் அரசியல்வாதி இல்லை’ என்பதையே மூலதனமாக வைத்து வருகிறவரிடம் பழைய பேச்சைக் காட்டி வம்பிழுக்க முடியாது. பலவீனம் என்றால், பேச்சில் தடுமாறுவார், மேடை பழக்கமில்லை. அதை நம்பி ஒரு தேர்தலை நடத்த முடியுமா? நான் நடத்த மாட்டேன்.

ஸ்டீல்மன் மாநிலத்தின் முன்னாள் பொருளாளர். 2008-இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் ஆதரவு வேறு இருந்தது. சொந்தக் கட்சிப் பெரியவர்களோடு முட்டி மோதியவர் என்று பெயர். 2008-இல் ஆளுநர் பிரைமரியில் நின்று தோற்றவர். என் கணக்கில் மெக்காஸ்கிலுக்கு மிகவும் சிக்கலான ஆள் இவர்தான். பெண்கள் ஓட்டு என்று மெக்காஸ்கில் நம்பியிருந்த பெரிய துருப்புச்சீட்டு, எதிரே இன்னொரு பெண் நின்றால் பாதி மதிப்புக்கு இறங்கிவிடும். கட்சித் தலைமையோடு சண்டை போட்டவர் என்பது பொதுத்தேர்தலில் நடுநிலை வாக்காளரிடம் நல்ல பெயராகவே மாறும். பிரைமரியில் பலவீனமாகத் தெரிகிற குணம் நவம்பரில் பலமாகிவிடுவது அபூர்வமில்லை. கருத்துக்கணிப்பில் பிரன்னர் இவரைவிட 3 புள்ளி கூட வைத்திருந்தார் என்பதால் பிரன்னர்தான் ஆபத்து என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அந்த 3 புள்ளி விளம்பரம் வாங்கிய புள்ளி. இன்னொரு விளம்பரம் அதைத் தின்றுவிடும்.

ஏகின் 2001-லிருந்து நாடாளுமன்றத்தின் கீழ்சபையில் இருந்து வந்தவர். இறையியல் படித்தவர். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்கள், சுவிசேஷ சபைகள் என்று சின்னதாக, ஆனால் அசையாத கூட்டம் ஒன்று அவர் பின்னால் இருந்தது. கையில் காசு குறைவு. பேச்சு? 2011-இல் தாராளவாதத்தின் அடியில் இருப்பது கடவுள் வெறுப்பு என்று வானொலியில் பேசி, பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. இப்படி வாயைத் திறந்தால் வம்பு வரும் ஆள். அந்த வம்பு பத்து வருடத்துக்கு மேல் பதிவாகியும் இருந்தது.

மெக்காஸ்கில் முதலில் செய்தது விளம்பரம் இல்லை. 40,000 டாலர் செலவில் ஒரு கருத்துக்கணிப்பு. அதுவும் தன் ஓட்டைப் பற்றி இல்லை. குடியரசுக் கட்சி வாக்காளர்களிடம், ஏகினின் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் அவருக்கு ஆதரவு கூடுமா என்று பார்த்தார்கள். கூடியது. இந்தப் படி ரொம்ப முக்கியம். பெரும்பாலான இடங்களில் வியூகம் வகுக்கிறவர்கள் இதைச் செய்வதே இல்லை. எதிராளியைத் தனக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே ஊருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுவார்கள்.

அப்புறம் வந்தது அந்த விளம்பரம். ஏகின் கல்வித் துறையையே மூடச் சொல்பவர், ஒபாமாவை நாகரிகத்துக்கே அபாயம் என்று சொன்னவர் என்றெல்லாம் அடுக்கி, மிசோரியின் உண்மையான பழமைவாதி, ஆனால் ரொம்பவே பழமைவாதி, வேண்டாம் என்று முடிந்தது. கேட்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். குடியரசுக் கட்சியின் கிராமத்து வாக்காளர் ஒருவர் டிவி முன் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காத ஒபாமாவின் ஆள் வந்து ‘இவர் உங்களுக்கு வேண்டாம், இவர் அளவுக்கு மீறி நம்ம ஆள்’ என்று சொல்வதைக் கேட்கிறார். மறுநாள் யாருக்குப் போடுவார்? ஏகின் தன் பிரைமரி முழுவதும் செலவழித்ததைவிட, கடைசி இரண்டு வாரத்தில் மெக்காஸ்கில் அவருக்காகச் செலவழித்தது அதிகம். இடையில் ஏகின் தரப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விளம்பரத்தை எடுத்துவிட்டு வேறு போட்டபோது, ஜெயிக்க வேண்டுமென்றால் பழையதையே திரும்பப் போடுங்கள் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியதாகவும் எழுதியிருக்கிறார். எதிரிக்கு ஆலோசகர் வேலையும் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

பிரைமரி முடிவு: ஏகின் 36, பிரன்னர் 30, ஸ்டீல்மன் 29 சதவீதம். 12 நாள் கழித்து ஏகின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ‘உண்மையான’ பாலியல் வன்முறை என்றால் பெண்ணின் உடலே கருவைத் தடுத்துவிடும் என்ற பொருளில் பேசினார். ராம்னி விலகச் சொன்னார், கட்சி பணத்தை நிறுத்தியது, ஏகின் விலகவில்லை. நவம்பரில் மெக்காஸ்கில் 54.8, ஏகின் 39.1.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்தப் பேட்டியில்தான் நிறுத்துவார்கள். எனக்கு அந்தப் பேட்டி இரண்டாம் பட்சம். மெக்காஸ்கில் சரியாகக் கணித்தது வேறொன்றை. ஏகினைப் பற்றி எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமில்லை, அவர் கட்சியிலேயே பெரிய தலைகள் உள்ளுக்குள் முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிக்கல் வந்தால் தாங்கிப் பிடிக்கக் கை இருக்காது. பிரன்னர் அதே மாதிரி உளறியிருந்தால் பணம் இருந்திருக்கும். ஸ்டீல்மன் உளறியிருந்தால் பேலினாவது வந்திருப்பார். ஒருவர் விழுவாரா என்பதை மட்டும் பார்த்தால் போதாது, விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். மூவரில் அப்படி ஆள் இல்லாதவர் ஏகின் ஒருவர்தான்.

சரி, இதே கணக்கைப் போட்டுத் தப்பான விடை வாங்கியவர்களையும் பார்க்க வேண்டும்.

1966, கலிபோர்னியா. ஜனநாயகக் கட்சியின் பேட் பிரவுன் இரண்டு முறை ஆளுநர். 1962-இல் ரிச்சர்ட் நிக்சனையே தோற்கடித்தவர். மூன்றாவது முறைக்கு நிற்கிறார். எதிர்முகாமில் இரண்டு பெயர்கள். ஜார்ஜ் கிறிஸ்டோபர், சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர், மிதவாதி, சொந்தமாகப் பால் பண்ணைத் தொழில். இன்னொருவர் ரொனால்ட் ரீகன், அதுவரை எந்தப் பதவிக்கும் நின்றிராத நடிகர். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. மேயரை ஒதுக்கு, நடிகரை வரவிடு. பிரவுனின் ஆட்கள் கிறிஸ்டோபர்மேல் பால் விலை விதிமீறலுக்காக இருந்த கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு வழக்கைத் தூசி தட்டி, டுரூ பியர்சன் என்ற புகழ்பெற்ற பத்திரிகைக்காரரிடம் சேர்த்தார்கள். கிறிஸ்டோபர் ஒழிந்தார். ரீகன் வந்தார். நவம்பரில் ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் பிரவுனை வீட்டுக்கு அனுப்பினார்.

பிரசாரத்தின்போது பிரவுன் ஒரு விளம்பரப் படத்தில் பள்ளிக் குழந்தையிடம், நான் ஒரு நடிகரை எதிர்த்து நிற்கிறேன், லிங்கனைச் சுட்டதும் ஒரு நடிகர்தான் தெரியுமா என்கிற மாதிரி பேசினார். நடிகர்தானே என்று சிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிரவுன் எங்கே சறுக்கினார்? கிறிஸ்டோபரின் அனுபவத்தையும் ரீகனின் அனுபவமின்மையையும் எடை போட்டார். யார் பின்னால் எந்தக் கோபம் திரண்டிருக்கிறது என்று எடை போடவில்லை. 1964-இல் பெர்க்லி மாணவர் போராட்டம், 1965-இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம். நடுத்தர வர்க்கத்து ஓட்டர் ஒருவர் சாயங்காலம் டிவியைப் போட்டால் இதைத்தான் பார்த்தார். அந்தப் பயத்துக்கும் எரிச்சலுக்கும் பேச்சு வடிவம் கொடுக்கத் தெரிந்தவர் ரீகன். கிறிஸ்டோபர் வந்திருந்தால், ‘பிரவுனைப் போலவே இன்னொரு நல்ல நிர்வாகி’ என்ற அளவில் போட்டி மந்தமாக நடந்திருக்கும். ஏகினுக்கும் ரீகனுக்கும் வித்தியாசம் இங்கே இருக்கிறது. ஏகின் பின்னால் இருந்தது அதற்குமேல் கூடாத கூட்டம். ரீகன் பின்னால் இருந்தது கூடிக்கொண்டே போகிற கூட்டம். இரண்டும் தொடக்கத்தில் ஒரே அளவாகத்தான் தெரியும், அதுதான் தொல்லை.

14 வருடம் கழித்து, அதிபர் தேர்தலில், அதிபர் கார்ட்டரின் ஆட்களும் ரீகனே வரட்டும் என்று இருந்தார்கள். அது எப்படி முடிந்தது என்பது ஊரறிந்தது: 44 மாநிலம் ரீகனுக்கு.

கலிபோர்னியாவிலேயே 2002-இல் இன்னொரு ஆளுநர், கிரே டேவிஸ், இதே ஆட்டத்தை ஆடினார். அவர் ஜெயித்தார் என்பதால் இதை வெற்றிக் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்குச் சந்தேகம். மின்சாரத் தட்டுப்பாட்டால் பெயர் கெட்டிருந்த டேவிஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் மேயர் ரிச்சர்ட் ரியோர்டனைக் கண்டால் பயம். எதிர்க்கட்சியின் பிரைமரியில் சுமார் ஒரு கோடி டாலருக்கு ரியோர்டனை அடித்து விளம்பரம் போட்டார். அரசியல் அனுபவமில்லாத பில் சைமன் 49 சதவீதத்தோடு வந்தார், ரியோர்டன் 31-இல் நின்றார். நவம்பரில் டேவிஸ் 47, சைமன் 42. ஒரு கோடி டாலர் செலவழித்துத் தேர்ந்தெடுத்த பலவீனமான எதிரியிடம் 5 புள்ளி! பாதிப் பேர்கூட டேவிஸுக்குப் போடவில்லை. மறு வருடம் அக்டோபரில் அதே வாக்காளர்கள் சிறப்புத் தேர்தல் வைத்து அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கரைக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் நடிகர். எதிரியைக் கெடுக்கலாம், அதனால் நம்மேல் இருக்கிற வெறுப்பு ஒரு சொட்டும் குறையாது.

2016-ஐப் பற்றி நீட்டி எழுத எனக்குத் தகுதியில்லை, ஏனென்றால் நானும் ஏமாந்தவன்தான். ஹிலாரி கிளிண்டன் தரப்பிலிருந்து 2015 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் கமிட்டிக்குப் போன ஒரு குறிப்பில், டிரம்ப், டெட் குரூஸ், பென் கார்சன் போன்றவர்களைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும், பத்திரிகைகள் அவர்களைக் கனமான வேட்பாளர்களாக எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்று இருந்தது. விக்கிலீக்ஸில் வெளியானபோது எல்லோரும் சிரித்தார்கள். நவம்பரில் யாரும் சிரிக்கவில்லை. கிளிண்டனுக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு. ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாக அமையும் தேர்வாளர் குழு; அதில் 304-227 என்று டிரம்ப் ஜெயித்தார். அந்தப் பட்டியலில் மூன்று பேரை ஒரே கட்டாகக் கட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. குரூஸின் கூட்டம் தேவாலயத்துக்குள் அடங்கிய கூட்டம், கார்சனின் கூட்டம் மனிதர்மேல் மரியாதை வைத்த கூட்டம், டிரம்பின் கூட்டம் அதுவரை ஓட்டே போடாதவர்களையும் இழுத்துவந்த கூட்டம். ‘தீவிரமானவர்’ என்ற ஒரே மூட்டைக்குள் இந்த மூன்றையும் போட்டால் ஒப்பீடே நடக்காது.

2022-க்கு வருவோம், ஏனென்றால் அந்த வருடம் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதை ஒரு தொழிலாகவே செய்தார்கள். இல்லினாயில் டேரன் பெய்லி, பென்சில்வேனியாவில் டக் மாஸ்ட்ரியானோ, மேரிலாந்தில் டான் காக்ஸ் என்று ஆளுநர் பிரைமரிகளில் தங்களுக்குத் தோதானவர்களை முன்னே தள்ளிவிட்டார்கள். மூவரும் பிரைமரியில் ஜெயித்து, நவம்பரில் தோற்றார்கள். உத்தி பலித்தது என்று பேச்சு. ஆனால் கொலராடோவை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அங்கே செனட் பிரைமரியில் ரான் ஹேங்க்ஸ் என்பவரைத் தூக்கிவிட எவ்வளவோ பார்த்தார்கள், முடியவில்லை. மிதவாதியான ஜோ ஓடே ஜெயித்தார். யாரைக் கண்டு பயந்தார்களோ அவரே வந்துவிட்டார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் பென்னட் அவரைக் கிட்டத்தட்ட 15 புள்ளியில் தோற்கடித்தார். பென்சில்வேனியாவில் ஜோஷ் ஷபீரோ மாஸ்ட்ரியானோவைத் தோற்கடித்ததும் ஏறக்குறைய 15 புள்ளியில்தான். ‘லேசான’ எதிரிக்கும் ‘கஷ்டமான’ எதிரிக்கும் கிடைத்த அடி ஒரே அளவு. இரண்டும் வேறு வேறு மாநிலம், காற்றும் வேறு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் செலவழித்த காசு உண்மையில் எதை வாங்கியது என்று கேட்க வைக்கிறது.

மிச்சிகனின் 3-ஆவது தொகுதி இன்னும் கசப்பானது. பீட்டர் மையர் என்ற புது உறுப்பினர், பதவியேற்ற பத்தாம் நாள், டிரம்பைப் பதவிநீக்கம் செய்யும் தீர்மானத்துக்குத் தன் கட்சியை மீறி ஆதரவாக ஓட்டுப் போட்டவர். அப்படிப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள் மொத்தமே 10 பேர். 2022 பிரைமரியில் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, அவரை எதிர்த்த ஜான் கிப்ஸ் என்ற டிரம்ப் ஆதரவாளருக்கு விளம்பரம் போட்டது. மையர் சொற்ப வித்தியாசத்தில் வீழ்ந்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி ஸ்கால்டன் கிப்ஸை 13 புள்ளியில் ஜெயித்தார்.

மெக்காஸ்கிலின் முடிவை நான் ஏற்கிறேன், இதை ஏற்கவில்லை. தர்மநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெறும் கணக்காகவே. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு அந்த இடம் ஏற்கெனவே ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்திருந்தது. மையரே வந்திருந்தாலும் ஸ்கால்டனுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. மெக்காஸ்கிலோ மூன்று பேரிடமும் பின்தங்கி நின்றவர்; அவர் சூதாடாவிட்டால் தோல்வி நிச்சயம் மாதிரி. ஜெயிக்கிற நிலையில் இருப்பவர் எதிரியைத் தேர்ந்தெடுக்கப் போவது, ஊரில் மழை பெய்துகொண்டிருக்கும்போது லாரித் தண்ணீர் வாங்குவது போல. அதோடு, தேர்ந்தெடுத்த ஆள் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கும் உண்டு. ஏகின் ஜெயித்திருந்தால் நூறு பேர் செனட்டில் ஒருவர். மாஸ்ட்ரியானோ ஜெயித்திருந்தால் பென்சில்வேனியாவின் தேர்தலையே நடத்தும் மாநிலச் செயலாளரை நியமிக்கும் அதிகாரம், 2020 முடிவையே ஏற்காத அந்த மனிதர் கைக்குப் போயிருக்கும். இரண்டு பந்தயத்துக்கும் ஒரே தொகையைக் கட்ட முடியாது.

மெக்காஸ்கிலுக்கு அடுத்த தேர்தல் 2018-இல் வந்தது. இந்த முறை எதிர்முகாம் சிதறவில்லை. 38 வயது மாநில அட்டர்னி ஜெனரல் ஜாஷ் ஹாலியை முன்னாலேயே தேடிப்பிடித்து நிறுத்திவிட்டார்கள்; பிரைமரியில் பாதிக்கு மேல் ஓட்டு அவர் ஒருவருக்கே. தூக்கிவிடுவதற்கு ஏகின் மாதிரி யாரும் எட்டும் தூரத்தில் இல்லை. நவம்பர் 6 அன்று ஹாலி 51.4, மெக்காஸ்கில் 45.6.